எழுபத்தெட்டா, அறுபத்தெட்டா? முதல் எழுத்தை விழுங்கிய ஒரு லேப்டாப்பின் பழுது ஆய்வு

எழுபத்தெட்டு, அறுபத்தெட்டு, ஐம்பத்தெட்டு. மூன்றிலும் தலையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்: பத்தெட்டு. இந்தப் பத்தெட்டுதான் ஒரு தமிழாசிரியரைப் பென்னாகரம் பக்கத்திலிருந்து தருமபுரி நான்கு ரோட்டில் இருக்கும் என் கடைக்கு இரண்டு தடவை பஸ் ஏற வைத்தது.

ஐயாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. லேப்டாப்பில் என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. திரையில் கர்சர் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தைக் குரலாகச் சொல்லும். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களைச் சக ஆசிரியர் வாசிக்க, இவர் எக்செல்லில் ஏற்றுவார். இரவில் வீட்டில் தனியாக உட்கார்ந்து, அம்புக்குறிச் சாவியை அழுத்தி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுச் சரிபார்ப்பார். அப்போதுதான் காதில் 'பத்தெட்டு' என்று விழ ஆரம்பித்தது. அம்புக்குறியை முன்னும் பின்னும் அழுத்தி மறுபடி கேட்டால் எழுபத்தெட்டு என்று முழுசாக வரும். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் மறுபடியும் தலை போய்விடும். எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது இன்னும் மோசம். ஓர் எழுத்துதான் வர வேண்டும், அந்த ஓர் எழுத்தே வராது. கணினி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் சாவியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என்னிடம் வருவதற்கு முன் வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். அங்கே ஹெட்போன் ஜாக் போர்டை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய கதைதான்.

முதல் தடவை வந்தபோது நானும் தவறினேன். லேப்டாப்பை மேசையில் வைத்து, என் சார்ஜரைச் செருகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச விட்டேன். ஓர் எழுத்துகூடப் போகவில்லை. ஐந்து நொடி, பத்து நொடி, இருபது நொடி என்று இடைவெளி விட்டு எண்களைச் சொல்லும் ஒலிக்கோப்பு ஒன்று தயாரித்து ஓட்டினேன். அதுவும் சுத்தமாக வந்தது. "ஒரு குறையும் இல்லைங்க ஐயா, மென்பொருளைத்தான் புதுசாக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சோதனையில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன.

பதினைந்து நாளில் திரும்பி வந்தார். இந்தத் தடவை நான் திருகாணியைத் தொடவில்லை. "ஐயா, நீங்க வீட்ல எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செய்யுங்க, நான் பாக்கறேன்" என்றேன். பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சார்ஜர் பைக்குள்ளேயே இருந்தது.

"சார்ஜர் போடலீங்களா?"

"சார்ஜ் ஏத்தும்போது இதைத் தொட மாட்டேன் தம்பி. விரல்ல குறுகுறுன்னு இருக்கும். ஏத்தி முடிச்சுக் கழட்டிட்டுத்தான் உக்காருவேன்."

அந்த ஒரு பதிலில் வழக்கு பாதி திறந்துகொண்டது. மீதியையும் அவரே சொன்னார். எவ்வளவு போகிறது என்று கேட்டேன். வலது கையை உயர்த்தி விரலை ஒரு தடவை நொடித்தார். "ஒரு மாத்திரை. எப்பவும் ஒரே மாத்திரைதான், கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நான் பேச்சை வேகமா வெச்சிருக்கேன், அதனால அந்த ஒரு மாத்திரைக்குள்ள ரெண்டு எழுத்து போயிடுது. எழு போயிடுது, அறு போயிடுது." கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று இலக்கணம் வகுத்த அந்த அளவைத் தினமும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். ஜாக் ஆடினால் ஒரு நேரம் நிறையப் போகும், ஒரு நேரம் கொஞ்சம் போகும், தலையை ஆட்டினால் கரகரக்கும். கணக்காக ஒரே அளவு போகிறது என்றால், எங்கேயோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று பொருள்.

இன்னொன்றும் சொன்னார். பேச்சு நின்று கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் 'டிக்' என்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்கும். அந்த டிக் கேட்ட பிறகு வரும் முதல் சொல்தான் அடிபடும். அதற்கு முன்னால் வருவது தப்பிவிடும். முந்தைய கடையிலும் இதைச் சொல்லியிருக்கிறார். டிக் என்றதும் அவர்கள் ஜாக்கைப் பார்த்துவிட்டார்கள். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இப்படித்தான் ஆகும். அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருந்தது.

அளந்து பார்த்தது

சார்ஜர் இல்லாமல், பேட்டரியில் மட்டும் வைத்துச் சோதித்தேன். இந்தத் தடவை ஒரே நீளக் கோப்பு வேண்டாம், எண்ணுக்கு ஒன்றாகத் தனித்தனிச் சிறு கோப்புகள். முதல் சோதனையின் ஓட்டைகளில் ஒன்று இதுதான். ஒரு கோப்புக்கு நடுவில் வரும் மௌனம், கணினிக்கு மௌனம் அல்ல. காதுக்கு ஒன்றும் கேட்காவிட்டாலும், நொடிக்கு 48,000 பூஜ்யங்கள் சிப்புக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதன் கணக்கில் அது வேலை நேரம். கோப்பு முடிந்து, சிப்புக்குப் போகும் ஒலிப் பாதை மூடப்பட்டால்தான் அதற்கு ஓய்வு. திரைவாசிப்பான் ஒரு சொல்லைச் சொல்லி முடித்ததும் பாதையை விட்டுவிடுகிறது. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்தக் குறை தெரியாமலே இருப்பதும் இதனால்தான்: ஐந்து நிமிடப் பாட்டில் முதல் கால் நொடி போனால் யார் கவனிப்பார்கள்?

ஹெட்போன் பக்கத்தில் என் செல்போனை வைத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலையாக விரித்துப் பார்த்தேன். எட்டு நொடி இடைவெளி விட்டால் சொல் முழுசாக வந்தது. பன்னிரண்டு நொடி விட்டால் தலை போனது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று நெருக்கிப் பார்த்தால் எல்லை பத்து நொடியில் நின்றது. டிக் சத்தத்தின் சிறு கூர்முனையும் சரியாகப் பத்தாவது நொடியில் தெரிந்தது. போன துண்டை அசல் கோப்போடு ஒட்டிப் பார்த்து அளந்தால் சுமார் 240 மில்லி நொடி. ஐயாவின் ஒரு மாத்திரை.

பிறகு சார்ஜரைச் செருகி அதே சோதனையைச் செய்தேன். ஒரு நிமிடம் விட்டாலும் எழுத்து போகவில்லை. முதல் தடவை நான் பார்த்ததும் இதைத்தான்.

உறுதி செய்துகொள்ள, விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினேன். லினக்ஸில் இந்த வகை ஒலிச் சிப்புக்கான டிரைவரில், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளில், பவர் சேவ் என்று ஓர் எண் உண்டு. சும்மா இருந்தால் எத்தனை நொடியில் தூங்க வேண்டும் என்பதை அது சொல்லும். பூஜ்யம் என்றால் தூங்கவே கூடாது. பூஜ்யம் வைத்தேன், பேட்டரியிலும் எல்லா எழுத்தும் வந்தன. பத்து வைத்தேன், குறை திரும்பியது. ஆனால் பத்தாவது நொடியில் அல்ல, பதினைந்தாவது நொடியில். ஒரு நிமிடம் குழம்பிப்போனேன். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒலிச் சேவை, பேச்சு நின்ற பிறகும் ஐந்து நொடி பாதையைப் பிடித்து வைத்திருந்துதான் விடும்; டிரைவரின் பத்து நொடி அதற்குப் பிறகுதான் எண்ணத் தொடங்கும். ஐந்தும் பத்தும் பதினைந்து. கணக்கு ஒத்துவந்தபோது, வன்பொருளில் ஒரு கோளாறும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. மாற்றிய ஜாக் போர்டுக்கு ஐயா கொடுத்த பணம் வீண்.

உள்ளே நடப்பது என்ன

இன்றைய கணினிகளின் ஒலிப்பகுதி பெரும்பாலும், இன்டெல் 2004-இல் வெளியிட்ட ஹை டெஃபினிஷன் ஆடியோ என்ற ஏற்பாட்டின்படி இயங்குவது. அதற்கு முன் இருந்தது 1997-இன் ஏசி97. இதில் இரண்டு ஆட்கள். மெயின் சிப்செட்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒன்று. ஜாக்குக்குப் பக்கத்தில் தனிச் சிப்பாக இருக்கும் கோடெக் இன்னொன்று. இருவருக்கும் நடுவே 24 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரத்தோடு ஒரு கம்பிப் பாதை. எண்களாக வருவதை மின்னலையாக மாற்றி ஹெட்போனுக்குத் தள்ளுவது கோடெக்கின் வேலை.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் ஏ.சி.பி.ஐ என்ற மின் மேலாண்மை ஒழுங்கை வெளியிட்டன. அதன்படி ஒவ்வொரு சாதனத்துக்கும் டி0 முதல் டி3 வரை நிலைகள். டி0 முழு விழிப்பு, டி3 ஆழ்ந்த தூக்கம். கோடெக்கும் இதற்கு உட்பட்டதே. சும்மா இருக்கும் கோடெக்கை டி3-க்கு அனுப்பினால் அது தின்னும் மின்சாரம் மட்டும் மிச்சமாவதில்லை. கடிகாரத்தையும் நிறுத்தலாம், கன்ட்ரோலரும் தூங்கலாம், அதன் பின்னால் மொத்தச் சிப்செட்டும் இன்னும் ஆழமாகத் தூங்கலாம். லேப்டாப் செய்கிறவர்கள் இதில் குறியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் எழுப்பும்போது. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இந்த லேப்டாப்பைத் திறந்தபோது ஜாக்குக்குப் பக்கத்தில் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் 100 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டு இருந்தன, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. கோடெக்கின் அனலாக் பகுதிக்கு 5 வோல்ட் கொடுத்தால், ஒலியலை மேலும் கீழும் ஆட வசதியாக நடுவே சுமார் இரண்டரை வோல்ட்டில் ஒரு நிலைப்புள்ளி வைத்துக்கொள்ளும். அந்த இரண்டரை வோல்ட் நேராக ஹெட்போனுக்குப் போனால் சுருள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், சூடாகும். அதைத் தடுத்து அலையை மட்டும் விடத்தான் அந்தக் கெப்பாசிட்டர்கள். 32 ஓம் ஹெட்போனோடு சேரும்போது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைக்கும்; பேச்சுக் குரலுக்கு அது போதும்.

டி3-க்குப் போகும்போது இந்த நிலைப்புள்ளி சரிந்து பூஜ்யத்துக்கு வரும். கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்னூட்டம் வெளியேற ஒரே வழி ஹெட்போன் சுருள். அதுதான் பத்தாவது நொடியில் கேட்ட டிக். எழும்பும்போது இதன் எதிர்மறை: நிலைப்புள்ளி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும், கெப்பாசிட்டர் நிரம்ப வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றினால் காதில் 'டப்' என்று அடிக்கும். அதனால் வெளிப்போக்கை மூடி வைத்துக்கொண்டு, மெல்ல ஏற்றி, நிலைத்த பிறகு திறக்கும்படி டிரைவர் எழுதியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மூடியிருக்கும் அந்தக் கால் நொடியில் திரைவாசிப்பான் காத்திருப்பதில்லை. 'எழு' என்பது எண்களாகக் கோடெக்குக்குள் வந்து, மின்னலையாகவும் மாறி, மூடிய கதவில் முட்டி முடிந்துவிடுகிறது. கதவு திறக்கும்போது 'பத்தெட்டு' மட்டும் வெளியே வருகிறது. (பல புதிய கோடெக்குகள் எதிர்மறை மின்னழுத்தத்தை உள்ளேயே உண்டாக்கிக்கொண்டு பூஜ்யத்தை நடுவாக வைத்தே ஆடும், கெப்பாசிட்டர் வேண்டியதில்லை. டிக் சத்தம் அவற்றில் வெகுவாகக் குறையும். எழும்ப எடுக்கும் நேரம் மட்டும் டிரைவரைப் பொறுத்தது.)

பத்து நொடி மௌனம் என்றால் யாரும் பயன்படுத்தவில்லை என்று இந்த ஏற்பாடு எடுத்துக்கொள்கிறது. ஐயாவுக்கு அந்தப் பத்து நொடி யோசிக்கும் நேரம். கண்ணால் படிக்கிறவர் வரியில் பார்வையை நிறுத்தி யோசிப்பதில்லையா, அதுபோல. அந்த நேரத்தில் திரையை அணைத்துவிட்டு, சாவியைத் தொட்டதும் முதல் இரண்டு எழுத்தை மறைத்தே காட்டும் லேப்டாப்பை நம்மில் யாரும் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டோம்.

விரலில் குறுகுறுப்பு

லேப்டாப் பழுதைத் தனியாகச் சரிசெய்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் விரலில் குறுகுறுப்பு என்று அவர் சொன்னது மனத்தில் கிடந்தது. விரலும் காதும்தான் அவருக்குக் கணினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன்.

சார்ஜரைப் போட்டு, லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகாணிக்கும், பின்புறம் போர்வெல் இரும்புக் குழாய்க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 108 வோல்ட் ஏ.சி. ஐயா வீட்டு அம்மா பதறிவிட்டார். மீட்டர் அத்தனை காட்டினாலும், அதன் வழியே ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். சார்ஜருக்குள், மின்னிரைச்சலை வடிகட்ட லைனிலிருந்து எர்த்துக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்றுமாகச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுப்புள்ளி அந்தரத்தில் தொங்கும். 230-இல் பாதி, நூற்றுப் பதினைந்து வாக்கில் நிற்கும். லேப்டாப்பின் உடம்பு அந்த நடுப்புள்ளியோடு சேர்ந்தது. அதில் விரலை மெல்ல இழுத்தால் குறுகுறுக்கும்.

மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தது, மேல் துளையில் கம்பியும் இருந்தது. டெஸ்ட் லேம்பைக் கரன்ட் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவே வைத்தால் எரியவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயின் போர்டைத் திறந்து பார்த்துச் சொன்னார்: "எர்த் வயர் எல்லாம் போர்டு வரைக்கும் வந்திருக்கு. இங்கேயிருந்து எங்கேயும் போகல." வீடு கட்டும்போது குழி தோண்டாமலே விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாறை மண். கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டும், பலர் அதோடு விட்டுவிடுவார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற மூலையில் மண் கொஞ்சம் ஆழமாகவும் ஈரமாகவும் இருந்தது. அங்கே எட்டடி ஜி.ஐ பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். பிறகு அளந்தால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே.

லேப்டாப்புக்காக மட்டும் அல்ல, அந்த வீட்டில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரும் கிரைண்டரும் இத்தனை வருடம் எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. லேப்டாப் குறுகுறுத்தது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, வீட்டில் எர்த் இல்லாததால் உடம்பு குறுகுறுத்தது. குறுகுறுத்ததால் ஐயா சார்ஜரைக் கழற்றினார். கழற்றியதால் பேட்டரிக்கான பத்து நொடி விதி வேலை செய்தது. அதனால் எழுத்து போனது. என் கடையில் எர்த் ஒழுங்காக இருந்தது, சார்ஜரும் செருகியிருந்தது. அங்கே இந்தக் குறையைப் பார்க்க வழியே இல்லை.

செய்த தீர்வு

விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், ஒலிச் சாதனத்தின் கீழே பவர் செட்டிங்ஸ் என்ற பகுதி இருக்கும். அதில் மூன்று மதிப்புகள். கன்சர்வேஷன் ஐடில் டைம் என்பது பேட்டரியில் இருக்கும்போது எத்தனை நொடி சும்மா இருக்கலாம் என்பது. பெர்ஃபார்மன்ஸ் ஐடில் டைம், சார்ஜரில் இருக்கும்போது. ஐடில் பவர் ஸ்டேட் என்பது எந்த நிலைக்குத் தூங்கப் போக வேண்டும் என்பது. இந்த லேப்டாப்பில் முதலாவது பத்து, இரண்டாவது பூஜ்யம். முதலாவதையும் பூஜ்யமாக்கி, மறுபடி துவக்கினேன். முடிந்தது.

பேட்டரிக்கு என்ன நஷ்டம் என்று ஐயா கேட்டார். லினக்ஸில் மின்செலவைக் காட்டும் பவர்டாப் என்ற மென்பொருளை வைத்து, கோடெக் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் அளந்தேன்: 6.4 வாட், 6.7 வாட். அவருடைய பேட்டரியில் 41 வாட் மணி மிச்சம் இருந்தது. கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலான ஓட்டத்தில் சுமார் பதினேழு நிமிடம் குறையும். "பதினேழு நிமிஷத்துக்கு அத்தனை எழுத்தைக் கொடுத்துட்டிருந்தேனா?" என்றார்.

என்.வி.டி.ஏ-விலேயே இன்னொரு வழி இருந்தது. 2024-இல் வந்த ஒரு பதிப்பிலிருந்து, பேசி முடித்த பிறகும் ஒலிச் சாதனத்தைக் கொஞ்ச நேரம் விழிப்பாக வைத்திருக்கும் வசதி அதன் ஆடியோ அமைப்பில் வந்திருக்கிறது. அதில் இயல்பாக இருப்பது முப்பது நொடி, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஐயாவிடம் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. புதியதைப் போட்டுக் கொடுத்தேன். ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி, அங்கே தூங்குவது லேப்டாப்பின் கோடெக் அல்ல. ஆனால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சாவியைத் தொடுகிறவருக்கு அந்த இயல்பான முப்பது நொடி போதாது. ரெஜிஸ்ட்ரி மாற்றத்தையும் வைத்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. டிரைவர் புதுப்பிப்பு வந்தால் ரெஜிஸ்ட்ரி மதிப்புகளைத் தன் பழைய எண்ணுக்கே திருப்பிவிடக்கூடும். ஒவ்வொரு தடவையும் பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டுமா? அந்தப் பூஜ்யத்தை எழுதும் சிறு கோப்பு ஒன்று செய்து, டெஸ்க்டாப்பில் 'முழு எழுத்து' என்று பெயரிட்டு வைத்தேன். என்டர் தட்டினால் அனுமதி கேட்கும், ஆம் என்றால் எழுதிவிடும், பிறகு மறுதுவக்கம். ஐயா என் கண்முன் மூன்று தடவை செய்து பார்த்துக்கொண்டார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம் போன் செய்தார். "தம்பி, பத்தெட்டு திரும்ப வந்துச்சு. அப்டேட் ஆயிருக்கு போல. உங்க ஃபைலைத் தட்டினேன், எழுபத்தெட்டுன்னு சொல்லிடுச்சு." பிறகு, கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கும் தன் பழைய மாணவன் ஒருவனுக்கும் இதே குறை இருப்பதாகவும், அதே கோப்பை அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். அப்படியே அனுப்பினால் சரிவராது. ஒலிச் சாதனத்துக்கு ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் வரிசை எண் கணினிக்குக் கணினி மாறும், அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றேன். முதலில் அவனைச் சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும், பேச்சு நின்று எத்தனை நொடியில் டிக் வருகிறது என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.

"அதெல்லாம் எண்ணச் சொல்லிட்டேன் தம்பி. ரெண்டுலயும் முப்பதுங்கறான்."